பூட்டானில் மலைநடையும் செச்சுத் திருவிழாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூட்டான் போகலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் பூட்டான் சுற்றுலாத் துறையின் நடப்பு அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. இந்தியர்களுக்கு விசா வேண்டுமா? ஆதார் அட்டை போதுமா?

விசா வேண்டாம், நுழைவு அனுமதி வேண்டும். அதற்கு ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை தேவை. ஆதாரை ஏற்பதில்லை. பான் அட்டையும் ஓட்டுநர் உரிமமும் உதவாது. பாஸ்போர்ட் இல்லாத குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், கூடவே பெற்றோரும் இருக்க வேண்டும். வாக்காளர் அட்டையில் பெயரின் எழுத்துகள் டிக்கெட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

2. ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார்களாமே, அது எதற்கு?

அதற்கு நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று பெயர். இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயதுவரை பாதி, அதற்கும் சிறிய குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. பத்து இரவு தங்கினால் ஒருவருக்கு 12,000 ரூபாய். இது அரசுக்குப் போகிற பணம். தங்கும் அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் தனி. மற்ற நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கான கணக்கு வேறு, அதை 15-ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

1974-இல்தான் பூட்டான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. அன்றிலிருந்தே கூட்டத்தைச் சேர்க்காமல், வருகிறவரிடம் கூடுதலாக வாங்குவது என்பதே அவர்கள் கொள்கை. நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு என்றென்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று 2008-இல் வந்த அவர்களுடைய அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. குப்பையில்லாத பாதையிலும், ஒலிபெருக்கி இல்லாத மடத்து முற்றத்திலும் நின்றவர்கள் இந்தக் கட்டணத்தைப் பற்றிக் குறைபட்டு நான் கேட்டதில்லை.

3. எப்படிப் போய்ச் சேர்வது? விமானமா, ரயிலா?

பன்னாட்டு விமான நிலையம் பாரோவில் இருக்கிறது. துருக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் ஆகிய இரண்டும் பறக்கின்றன. தெற்கிலிருந்து போகிறவர்களுக்குக் கொல்கத்தா வழியும் டெல்லி வழியும் வசதி. மலைகளுக்கிடையே வளைந்து, பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துத் தரையிறங்கும் நிலையம் அது. அதற்கெனத் தனித் தகுதி பெற்ற மிகச் சில விமானிகளே அங்கே இறக்குகிறார்கள். வானிலை மோசமானால் விமானம் தள்ளிப்போகும். ஆகவே ஊர் திரும்பும் இணைப்பு விமானத்தை அதே நாள் மாலைக்குப் போடாதீர்கள். டெல்லியிலிருந்து போனால் இடப்பக்க ஜன்னலைக் கேளுங்கள், வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்ட் வரிசை தெரியும்.

தரைவழி என்றால் நியூ ஜல்பைகுரி அல்லது ஹாசிமாரா வரை ரயில், பிறகு வண்டியில் எல்லை ஊரான ஜெய்கான். ஒரு நுழைவு வளைவைத் தாண்டினால் பூட்டானின் புன்ட்ஷோலிங். அங்கிருந்து தலைநகர் திம்புவுக்கு மலைச்சாலையில் ஐந்து மணி நேரம் வரை ஆகும். செலவு குறைவு, நாள் அதிகம். சமவெளியிலிருந்து காடும் காற்றும் மாறிக்கொண்டே போவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு வழியாவது தரைவழி போக வேண்டும்.

4. எந்த மாதம் நல்லது?

நடைக்கு அக்டோபர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்து பனிச்சிகரங்கள் துல்லியமாகத் தெரியும் காலம் அது. அடுத்து மார்ச் பிற்பகுதி முதல் மே வரை. ஏப்ரலில் ரோடோடென்ட்ரான் மரங்கள் மலைச்சரிவெங்கும் சிவப்பும் வெளிர்சிவப்புமாகப் பூத்திருக்கும், ஆனால் பிற்பகலில் மேகம் ஏறிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, வழுக்கல், அட்டை. ஜனவரி, பிப்ரவரியில் உயரமான கணவாய்களைப் பனி மூடிவிடும்.

நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் திம்புத் திருவிழாவும் சில ஆண்டுகளில் சேர்ந்தே வருகின்றன. வங்காளத்தில் துர்கா பூஜை விடுமுறையும் அப்போதுதான் என்பதால் பாரோ, திம்பு விடுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். நான்கைந்து மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

5. இமயமலைக்கே போனதில்லை. எந்தப் பாதையில் நடக்கலாம்?

ஒரே ஓர் இரவு கூடாரத்தில் தங்கிப் பார்க்க வேண்டும் என்றால் பும்த்ரா. பாரோவுக்கு மேலே சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் ஒரு மடம். அதன் கீழே புல்வெளியில் தங்கி, மறுநாள் இறங்கும் வழியில் புகழ்பெற்ற தக்த்சங் மடத்தை மேலிருந்து கீழாகப் போய்ச் சேரலாம். எல்லோரும் மூச்சு வாங்க ஏறி வருகிற இடத்துக்கு நீங்கள் இறங்கி வருவீர்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது துருக் பாதை. பாரோவில் தொடங்கித் திம்புவில் முடியும் ஐந்து ஆறு நாள் நடை. ஜிலே ஜோங் என்ற பழைய கோட்டை மடத்தின் இடிபாடு, தேவதாரு மரங்கள், குள்ளமான ரோடோடென்ட்ரான் புதர்கள், ஜிமிலாங் ஏரி, பிறகு திம்புவை மேலிருந்து பார்க்கும் பஜோதிங் மடம். உச்சி சுமார் 4,200 மீட்டர். நாளொன்றுக்கு நடை அதிகமில்லை, உயரம்தான் சோதனை. வானம் தெளிந்த காலையில், பூட்டானின் மிக உயர்ந்த சிகரமான 7,570 மீட்டர் கங்கர் புன்சும் தொலைவில் தெரியும்.

ஜோமோல்ஹாரி நடை அதற்கு அடுத்த படி. எட்டு ஒன்பது நாள். நான்காயிரம் மீட்டரைத் தாண்டிய ஜங்கோதாங் முகாமில் கூடாரத்தைத் திறந்தால் 7,326 மீட்டர் ஜோமோல்ஹாரி எதிரே நிற்கும். அதன்பின் வரும் கணவாய்கள் 4,800 மீட்டருக்கு மேல். முதல் இமயப் பயணத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. லுனானா வழியாக மூன்று வாரத்துக்கு மேல் போகும் ஸ்னோமேன் நடை, உலகின் மிகக் கடினமான நடைகளில் ஒன்று. அதைக் கேட்பவர்களிடம் முதலில் ஜோமோல்ஹாரியை முடித்துவிட்டு வாருங்கள் என்பேன்.

அவ்வளவு உயரம் வேண்டாம், கிராமங்கள் வழியே நடந்தால் போதும் என்பவர்களுக்கு 2022-இல் மீண்டும் திறக்கப்பட்ட ட்ரான்ஸ் பூட்டான் பாதை இருக்கிறது. மேற்கே ஹாவிலிருந்து கிழக்கே த்ராஷிகாங் வரை 403 கிலோமீட்டர். ஓலை சுமந்த தூதர்கள் ஓடிய பழைய வழி அது. முழுவதும் நடக்க வேண்டியதில்லை, ஒரு நாள் துண்டாகவும் நடக்கலாம்.

6. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன். அந்த உடற்பழக்கம் போதாதா?

கால்களுக்குப் போதும். நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் அது பயிற்சியே ஆகாது. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். துருக் பாதையின் முதல் இரவு முகாமே ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தின் மெல்லிய காற்றுக்குப் பழகிக்கொள்ளத் தெற்கே நமக்கு இடமே கிடையாது. பூட்டான் போன பிறகுதான் பழக முடியும்.

உயர நோய் உடல் வலிமையைப் பார்த்து வருவதில்லை. மாரத்தான் ஓடுகிற இளைஞருக்கு வரலாம், கூட வந்த அவர் அம்மாவுக்கு வராமல் போகலாம். இன்னும் சொன்னால், வலிமையானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே ஆபத்து அதிகம். 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரத்தை முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். அவை இருக்கும்போது மேலே ஏறவே கூடாது. நடை தடுமாறுதல், பேச்சுக் குழறுதல், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குதல் என்று ஏதாவது ஒன்று தெரிந்தால் நள்ளிரவானாலும் கீழே இறங்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மாதம் முன்பிருந்தே வாரம் நான்கு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள், முதுகில் ஐந்தாறு கிலோ சுமையோடு. பர்வதமலை, சதுரகிரி போன்றவற்றில் இறங்கிப் பழகுவது முழங்காலுக்கு மிக நல்லது. துருக் பாதையின் கடைசி நாள் இறக்கம் நீளமானது.

7. டயாமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் உயர நோய் வராதாமே?

அசெட்டசோலமைடு என்பது அந்த மருந்து. உடல் பழகுவதை விரைவுபடுத்தும். விதியை மீறி ஏற அனுமதி தராது. விரல்நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் இயல்பு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் ஊரில் இருக்கும்போதே மருத்துவரைப் பார்த்து, அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மலையில் வேண்டாம்.

8. திருவிழாவும் பார்க்க வேண்டும், நடக்கவும் வேண்டும். பத்து நாளில் முடியுமா?

பன்னிரண்டு கிடைத்தால் நிம்மதி, பத்திலும் முடியும். நடையையும் பண்பாட்டையும் இரண்டு தனிச் சுற்றுலாக்களாகப் பிரிக்காமல் ஒரே கோட்டில் வைக்க வேண்டும் என்பதே என் யோசனை. பூட்டானில் அவை பிரிந்து இருந்ததே இல்லை. புன்ட்ஷோலிங்கிலிருந்து வரும் முதல் வாகனச் சாலை 1960-களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. 1958-இல் நேரு அங்கே போனபோது சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக மலைப்பாதையில்தான் பாரோவை அடைந்தார். துறவி, வணிகர், அரசர் எல்லோரும் நடந்த வழிகளே இன்றைய மலைநடைப் பாதைகள். கணவாய்களில் தோரணமாகக் கட்டிய பிரார்த்தனைக் கொடிகளும், பாதையோரத்துச் சொர்டென் தூபிகளும் அங்கே அதனால்தான் இருக்கின்றன.

வரிசை இப்படி: முதல் மூன்று இரவு பாரோவில். ஊரின் உயரம் சுமார் 2,200 மீட்டர். ரின்புங் ஜோங், தேசிய அருங்காட்சியகம், கிச்சு லக்காங் கோயில் என்று மெல்லச் சுற்றி, மூன்றாம் நாள் 3,120 மீட்டரில் உள்ள தக்த்சங்குக்கு ஏறி இறங்குங்கள். பலர் தக்த்சங்கைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உடலைப் பழக்க அதைவிட நல்ல ஏற்றம் கிடையாது, அதில் திணறினால் நடையைச் சுருக்கிக்கொள்ள நேரமும் இருக்கும். பிறகு ஐந்து நாள் துருக் பாதை. செச்சு தொடங்குவதற்கு முந்தைய நாள் திம்புவில் இறங்கும்படி தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இரண்டு நாள் திருவிழா. கடைசியாக, தோச்சுலா கணவாயில் உள்ள 108 சொர்டென்களைப் பார்த்துவிட்டுப் புனாகா. அது 1,200 மீட்டர் அளவில் இருக்கும் இதமான பள்ளத்தாக்கு. களைத்த கால்களுக்கு அது கடைசியில் வருவதுதான் நல்லது.

பத்து நாள்தான் இருக்கிறது என்றால் துருக் பாதைக்குப் பதில் பும்த்ராவை வையுங்கள். பழகிக்கொள்ளும் நாட்களை மட்டும் குறைக்காதீர்கள். காரணம் 6-இல் இருக்கிறது.

9. செச்சு என்பது முகமூடி நடனம்தானே? மொழி தெரியாமல் நாள் முழுக்க என்ன பார்ப்பது?

செச்சு என்பது குரு ரின்போச்சே என்று வணங்கப்படும் பௌத்த குரு பத்மசம்பவருக்கான விழா. திம்புவில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் மூன்று நாள், பாரோவில் மார்ச், ஏப்ரல் வாக்கில் ஐந்து நாள். தேதி பூட்டானியச் சந்திர நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் மாறும். துறவிகளும் பொதுமக்களும் ஆடும் நடனங்கள் அவர்களுக்கு வழிபாடு. பார்ப்பதே புண்ணியம் என்று குடும்பம் குடும்பமாக, இருப்பதிலேயே நல்ல கோவும் (ஆண்கள் உடை) கிராவும் (பெண்கள் உடை) உடுத்தி, சோற்றுக்கூடையோடு வந்து உட்காருகிறார்கள்.

ஒரு நடனத்தையாவது முழுதாகப் பாருங்கள் என்றால், ரக்ஷா மங்சம் என்கிற இறந்தோர் தீர்ப்பு நடனத்தைச் சொல்வேன். மரணத்தின் தலைவன் பேருருவாக நடுவில் வீற்றிருப்பான். விலங்கு முகமூடி அணிந்த உதவியாளர்கள் சுற்றி ஆடுவார்கள். முதலில் பாவம் செய்தவன் ஒருவன், பிறகு நல்லவன் ஒருவன். வெள்ளைக் கூழாங்கல்லும் கறுப்புக் கூழாங்கல்லும் எடைபோடப்படும். யமனையும் சித்திரகுப்தனையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரையே வேண்டாம். நடுநடுவே சிவப்பு முகமூடியணிந்த அத்சாராக் கோமாளிகள் கூட்டத்தைச் சிரிக்கவைத்துக்கொண்டே ஒழுங்கும் செய்வார்கள்.

பாரோ விழாவின் கடைசி நாள் விடியற்காலையில் பல மாடி உயரத் துணி ஓவியமான தோங்ட்ரல் விரிக்கப்படும். வெயில் அதன்மேல் படுமுன் சுருட்டிவிடுவார்கள். மூன்று மணிக்கே எழுந்து இருட்டில் போய் நிற்க வேண்டும். நிற்கலாம், அவ்வளவுக்குத் தகுதியான காட்சி.

10. வழிகாட்டி இல்லாமல் நானே போகலாமா? நேபாளத்தில் இன்னும் குறைந்த செலவில் நடக்கலாமே?

நடைப்பயணத்துக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். அது இல்லாவிட்டாலும் நான் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன். பாதையில் கடை இல்லை, ஊர் இல்லை, பெரும்பகுதியில் சிக்னலும் இல்லை.

நேபாளம் மலிவு என்பது உண்மை. அன்னபூர்ணா, எவரெஸ்ட் பாதைகளில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தேநீர் விடுதி, சூடான சாப்பாடு, கட்டில் கிடைக்கும். உலகின் மிக உயர்ந்த சிகரங்களின் அடியில் நிற்பதுதான் ஆசை என்றால் தயங்காமல் நேபாளம் போங்கள். பூட்டானில் நாள் முழுக்க உங்கள் குழுவையும் யாக் மேய்ப்பவர்களையும் தவிர யாரையும் பார்க்காமல் நடக்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

11. இரவு எங்கே தங்குவது? கழிப்பறைக்கு என்ன செய்வது? பெண்கள் தயங்காமல் கேட்க முடியாத கேள்வி இது.

கூடாரம்தான். சமையற்காரரும் குதிரைக்காரரும் உங்களுக்கு முன்பே போய் முகாம் போட்டுவிடுவார்கள். சாப்பிட ஒரு கூடாரம், தூங்க இருவருக்கு ஒன்று, கழிப்பறைக்குத் தனியாக ஒன்று. அதில் குழி வெட்டி, மேலே உட்காரும் சட்டம் வைத்து, பயன்படுத்தியபின் மண் போடுவார்கள். மறைப்பு உண்டு, ஜிப் உண்டு. காலையும் மாலையும் ஒரு கிண்ணம் வெந்நீர் கிடைக்கும். குளியல் கிடையாது. ஈரத் துடைப்பான்களும், பயன்படுத்திய நாப்கின்களைக் கட்டித் திரும்பக் கொண்டுவர ஒளி புகாத பைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் புதைக்க வேண்டாம்.

அக்டோபரிலேயே இரவில் தண்ணீர் உறையும். பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் எலும்பில் ஏறும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் கனத்த மேலாடை, மேலே காற்றும் மழையும் புகாத அங்கி என்று அடுக்காக அணியுங்கள். புதுக் காலணியை ஒரு மாதமாவது ஊரில் போட்டு நடந்து பழக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள். கொப்புளத்தால் நடையை நிறுத்தியவர்கள் உயர நோயால் நிறுத்தியவர்களைவிட அதிகம் என்றே என் அனுபவம் சொல்கிறது.

12. நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. பூட்டானியர் இறைச்சி உண்பவர்கள்தான், ஆனால் பாலாடைக்கட்டியும் காய்கறியும்தான் அன்றாடக் குழம்பு. எமா தட்ஷி என்பது பச்சை மிளகாயையே காயாகப் போட்டுப் பாலாடைக்கட்டியில் வேகவைப்பது. காரத்துக்குப் பழகிய நாக்குக்கும் முதல் கவளம் சுரீரென்று இருக்கும். உருளைக்கிழங்கு போட்டால் கேவா தட்ஷி, காளான் போட்டால் ஷமு தட்ஷி. இவற்றோடு சிவப்பரிசிச் சோறு. நடையிலும் சோறு, பருப்பு, காய் தடையில்லாமல் கிடைக்கும்.

முட்டை கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது, ஒரே பாத்திரம் கூடாது என்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள். முகாமில் போய்ச் சொன்னால் சமையற்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ஊறுகாய், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள். உயரத்தில் பசி மந்தமாகும்போது பழகிய சுவைதான் இரண்டு கவளம் உள்ளே அனுப்பும்.

13. மடங்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

கோட்டையும் மடமும் அலுவலகமும் ஒன்றாக இருப்பதுதான் ஜோங். முழுக்கை, முழுக்கால் உடை வேண்டும், தொப்பி கூடாது. கோயில் அறைக்குள் காலணியைக் கழற்றுங்கள், படம் எடுக்காதீர்கள். சொர்டென்களையும் பிரார்த்தனைச் சக்கரங்களையும் வலமாகவே சுற்றுங்கள். நம் கோயில்களில் செய்வதுதான். மலைப்பாதையில் சொர்டென் வலக்கைப் பக்கம் இருக்கும்படி வழிகாட்டி இடப்பக்கம் ஒதுங்கி நடந்தால் பின்னாலேயே போங்கள். காவல் தெய்வத்தின் கோன்காங் என்ற அறைக்குள் பெண்களை அனுமதிப்பதில்லை. வாதிட வேண்டாம்.

தக்த்சங்கில் வாசலிலேயே கைப்பேசியையும் பையையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1692-இல் கட்டிய மடம் 1998-இல் தீயில் எரிந்து, 2005-இல் பழைய வடிவத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டது. உள்ளே நெய் விளக்கின் முன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருங்கள்.

14. பணம், போன், மொழி?

அவர்கள் நாணயம் நுல்ட்ரம், நம் ரூபாய்க்குச் சமம். ரூபாயை வாங்கிக்கொள்வார்கள், சில்லறையாக நூறு ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள். 2021 முதல் யு.பி.ஐ. வழியாகவும் பணம் செலுத்த முடிகிறது. மலையில் ரொக்கம் மட்டுமே. மீதமான நுல்ட்ரத்தை எல்லைக்குள்ளேயே செலவழித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிச் சுற்றுலா சிம் வாங்கலாம். பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்பதால் இந்தி தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குசுசாங்போ லா என்று வணக்கம் சொன்னால் முகம் மலர்வார்கள். நேரம் நமக்கு அரை மணி முன்னே ஓடும்.

15. நான் யாழ்ப்பாணம், என் கணவர் இந்தியர். இரண்டு பேருக்கும் ஒரே கட்டணமா?

இல்லை. கட்டணத்தைத் தீர்மானிப்பது அவரவர் பாஸ்போர்ட். அவருக்கு 2-இல் சொன்ன 1,200 ரூபாய். உங்களுக்கு ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர், அதோடு விசாக் கட்டணம் 40 டாலர். இந்த 100 டாலர் என்பது 200-லிருந்து பாதியாகக் குறைத்தது, 2027 ஆகஸ்ட் இறுதிவரை என்று அறிவித்திருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா, கனடா பாஸ்போர்ட்டுக்கும் இதே கணக்குத்தான். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் இதில்தான் வருவார்கள். பத்து இரவுக்கு ஆயிரம் டாலர் என்பது சிறிய தொகை இல்லை. இருவர் நிலையையும் எழுதிக் காட்டி, தனித்தனி விலை கேட்டு வாங்குங்கள்.

16. அப்பாவுக்கு 66 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனால் வந்தே தீருவேன் என்கிறார். அழைத்துப் போகலாமா?

தாராளமாக. கூடார நடைக்கு வேண்டாம், மற்றதெல்லாம் அவருக்கு உண்டு. தக்த்சங்கில் பாதி வழியிலுள்ள சிற்றுண்டி விடுதி வரை குதிரை போகும், அங்கிருந்தே மடம் எதிரே தெரியும். அதற்கப்பால் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்த முடிவை அவர் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தபின் எடுக்கட்டும்.

நீங்கள் துருக் பாதையில் இருக்கும் ஐந்து நாளும் அவரை விடுதியில் அடைத்துவைக்காதீர்கள். ஒரு வண்டியும் உள்ளூர் வழிகாட்டியும் ஏற்பாடு செய்து புனாகாவுக்கு அனுப்புங்கள். போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் பூட்டானை ஒன்றிணைத்த ஷப்ட்ரங் நவாங் நம்கியால் 1637-இல் கட்டத் தொடங்கிய ஜோங், நாட்டிலேயே அழகானது என்பது என் கருத்து. நவம்பர் என்றால் போப்ஜிகா பள்ளத்தாக்கும் சேர்க்கலாம், திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வந்து இறங்கும் காலம். இதயநோய், நுரையீரல் நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் இருந்தால் டிக்கெட் எடுக்குமுன் மருத்துவரைப் பாருங்கள்.

17. இத்தனை பெரிய சிகரங்கள் இருந்தும் ஏன் ஏற விடுவதில்லை?

அவை தெய்வங்களின் இருப்பிடம் என்று அடிவாரத்து மக்கள் நம்புகிறார்கள். 1994-இல் ஆறாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதைத் தடைசெய்தார்கள், 2003-இல் சிகரம் ஏறுவதையே முற்றிலும் நிறுத்திவிட்டார்கள். அதனால் 5-இல் சொன்ன கங்கர் புன்சும், உலகில் மனிதக் கால் படாத மிக உயர்ந்த மலையாக இருக்கிறது. கணவாய் வரை போகலாம், அங்கே கொடி கட்டலாம், கும்பிட்டுவிட்டு இறங்கலாம். திருவண்ணாமலையைச் சுற்றி வருகிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

18. உலகிலேயே மகிழ்ச்சியான நாடு என்கிறார்களே, அது உண்மையா?

மொத்த உற்பத்தியைவிட மொத்த மகிழ்ச்சி முக்கியம் என்று 1970-களில் சொன்னவர் நான்காம் அரசர் ஜிக்மே சிங்கே வாங்சுக். அதை அவர்கள் வெறும் வாசகமாக விட்டுவிடவில்லை. காடு, இலவச மருத்துவம், இலவசக் கல்வி ஆகியவற்றில் அதன் அடையாளம் தெரிகிறது. 2008-இல் அரசரே முன்னின்று தேர்தல் முறையைக் கொண்டுவந்ததும் அரிய செயல்.

இதே நாட்டிலிருந்துதான் 1990-களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் லோட்ஷம்பா மக்கள் குடியுரிமை இழந்து வெளியேற்றப்பட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாள முகாம்களில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்தார்கள். பிறகு பெரும்பாலோர் அமெரிக்காவில் குடியேறினார்கள். முகாம் வாழ்வையும் புலம்பெயர்வையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இதைச் சொல்லாமல் நான் பூட்டானைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்று இளைஞர்கள் வேலைக்காக ஆஸ்திரேலியா போய்க்கொண்டிருக்கிறார்கள். இவை தெரிந்தே போங்கள். வழிகாட்டியிடம் அரசரைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ விவாதம் கிளப்ப வேண்டாம், அவராகச் சொன்னால் காதுகொடுத்துக் கேளுங்கள்.

19. ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் என்ன கேட்க வேண்டும்?

நாள் கட்டணம் விலையில் அடங்குமா என்பது முதல் கேள்வி. மடங்களின் நுழைவுச்சீட்டு, குதிரைகள், தூங்கும் பை, மெத்தை, கழிப்பறைக் கூடாரம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வழிகாட்டி, சமையற்காரர், குதிரைகளின் செலவு குழுவுக்குப் பொது என்பதால் இருவர் போனால் தலைக்கு விலை ஏறும், ஆறு பேர் போனால் நன்றாக இறங்கும். பனி பெய்து பாதை அடைபட்டால் மாற்றுத் திட்டம் என்ன என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் சொல்பவர் அந்தப் பாதையை அறிந்தவர். ஏழு நாளில் பதினொரு இடம் என்று பட்டியல் நீட்டுகிறவரைத் தவிர்த்துவிடுங்கள்.

20. நடுவழியில் உடம்புக்கு முடியாமல் போனால்?

பெரும்பாலும் குதிரையிலோ நடந்தோ கீழே இறக்குவார்கள். துருக் பாதையில் பாரோ பக்கமோ திம்பு பக்கமோ இறங்கிவிடலாம். ஜோமோல்ஹாரி போன்ற நீண்ட நடைகளில் அது நாள் கணக்கில் ஆகும். ஹெலிகாப்டர் சேவை உண்டு, ஆனால் வானம் தெளிந்திருந்தால்தான் வரும், செலவு உங்களுடையது. ஆகவே பயணக் காப்பீடு எடுங்கள். பல காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பதை விலக்கிவிடும். உங்கள் நடையின் உச்சி மீட்டரைச் சொல்லி, அதற்குப் பொருந்துமா என்றும், ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்றும் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

வழிகாட்டியிடம் ஆக்சிஜன் இருக்கிறதா, செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதா என்று பாரோவிலேயே பார்த்துவிடுங்கள். அவசர மருத்துவ எண் 112, பெரிய மருத்துவமனை திம்புவில். உங்கள் மருந்துகள், ஒவ்வாமை, இரத்த வகை, ஊரில் அழைக்க வேண்டியவரின் எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி, ஒன்றைச் சட்டைப்பையிலும் மற்றொன்றை வழிகாட்டியிடமும் வையுங்கள். தலைவலியை யாரிடமும் மறைக்காதீர்கள். குழுவைத் தாமதப்படுத்திவிடுவோமோ என்று காலையில் மறைத்தால், இரவில் எல்லோருமாகச் சேர்ந்து இறங்க வேண்டிவரும்.